பறை ஓய்ந்த மறுநாள்

(நூலக வார விழாவில், மாவட்ட மைய நூலகம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'நூலகமும் பண்பாட்டு மரபும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய தலைப்பு. ஒரு சின்ன நிகழ்ச்சியிலிருந்து அதற்குள் நுழைகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில், ஊர்ப் பெயர் வேண்டாம், கிளை நூலகத்தில் பறையாட்டம் வைத்திருந்தார்கள். கூட்டம் வாசலைத் தாண்டித் தெருவரை நின்றது. நூலகப் படியை ஒருநாளும் மிதிக்காதவர்கள் அன்று குடும்பத்தோடு உள்ளே வந்தார்கள். கலைஞர்கள் பறையைத் தீயில் காய்ச்சி, தட்டிப் பார்த்து, போதாது என்று மறுபடியும் காய்ச்சி, அடவு பிடித்து ஆடத் தொடங்கியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பொது நூலகம் ஒன்று இப்படி ஒரு மாலையை நடத்தியதே என்று நெஞ்சு நிறைந்து வீடு திரும்பினேன்.

மறுநாள் காலை நாளிதழ் பார்க்க அதே நூலகத்துக்குப் போனேன். பத்தாவதோ பதினொன்றாவதோ படிக்கிற பையன் ஒருவன் வழங்கல் மேசைக்கு முன் நின்றுகொண்டிருந்தான். “சார், நேத்து அடிச்சாங்கல்ல, பறை... அதப் பத்தி எதாவது புக்கு இருக்கா?” மேசையில் இருந்தவர் ஒரே ஆள். புதிதாக வந்த நூல்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு பேர் புத்தகம் திருப்பக் காத்திருந்தார்கள். “உள்ள போயித் தேடிப் பாருப்பா” என்றார். பையன் தாங்கிகளுக்கு நடுவே ஒரு சுற்றுச் சுற்றினான். கலைகள் என்று எழுதிய தாங்கிக்கு முன் கொஞ்சம் நின்றான். ஐந்து நிமிடத்தில் வெளியே போய்விட்டான்.

நான் எழுந்து அவன் பின்னால் போயிருக்க வேண்டும். போகவில்லை. அது இன்றுவரை உறுத்துகிறது. ஏனென்றால் அவனுக்குக் கொடுக்க வேண்டிய புத்தகம் அந்த நூலகத்திலேயே இருந்தது. கே.ஏ. குணசேகரனின் 'வடு'. இளையான்குடிப் பக்கத்துச் சேரியில் பிறந்து, படித்து, நாட்டுப்புறப் பாடகராகவும் பேராசிரியராகவும் உயர்ந்தவர் தன் இளமைக் காலத்தை எழுதிய நூல். 2005-இல் வந்தது. முந்தின நாள் மாலை அந்தப் பையன் கேட்ட ஓசைக்குப் பின்னால் எத்தனை பசியும் அவமானமும் எத்தனை பாட்டும் இருக்கின்றன என்று அந்தப் புத்தகம் அவனுக்குச் சொல்லியிருக்கும். ஆனால் அது கலைகள் தாங்கியில் இல்லை. வாழ்க்கை வரலாற்றுத் தாங்கியில், அவன் திரும்பிக்கூடப் பார்க்காத மூலையில் இருந்தது. வகைப்பாட்டு எண்ணின்படி அது இருக்க வேண்டிய இடம் அதுதான். எண்ணில் பிழை இல்லை. அந்த மூலையிலிருந்து இந்தப் பையன்வரை அதைக் கொண்டுவர ஒரு மனிதர் வேண்டியிருந்தது. அந்த மனிதருக்கு அன்று காலை முத்திரை குத்தும் வேலை இருந்தது.

நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான். நூலகம் நடத்தும் பண்பாட்டு விழாவும், நூலகர் தன் வாயால் 'இதைப் படித்துப் பாருங்கள்' என்று எடுத்துக் கொடுக்கும் புத்தகமும் இரண்டு வேலைகள் அல்ல. ஒரே வேலையின் முதல் பாதியும் இரண்டாம் பாதியும். நாம் முதல் பாதியை இப்போது நன்றாகவே செய்கிறோம். இரண்டாம் பாதியை அந்தப் பையனின் அதிர்ஷ்டத்துக்கு விட்டுவிடுகிறோம்.

இரண்டு பாதியையும் சேர்த்துச் செய்து காட்டிய ஓர் இடத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். நியூயார்க் நகரத்தின் ஹார்லெம் பகுதி. அங்கே 135-ஆம் தெருவில் நியூயார்க் பொது நூலகத்தின் கிளை ஒன்று 1905-இல் திறக்கப்பட்டது. அப்போது அந்தத் தெருவில் கறுப்பின மக்கள் அதிகம் இல்லை. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் தென் மாநிலங்களின் கொடுமையிலிருந்து தப்பி வந்தவர்களும், கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்களும் அங்கே குடியேறி, ஹார்லெம் அவர்களுடைய ஊராகிவிட்டது. ஊர் மாறிவிட்டது. நூலகம் மாறவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் எல்லோரும் வெள்ளையர்கள். தாங்கிகளிலும் அந்த மக்களைப் பற்றிய நூல்கள் மிகக் குறைவு.

1920-இல் அந்தக் கிளைக்குத் தலைமை நூலகராக எர்னஸ்டீன் ரோஸ் என்ற பெண்மணி வந்தார். அவரும் வெள்ளையர்தான். வந்ததும் அவர் செய்த முதல் பெரிய காரியம் விழா எடுப்பது அல்ல, ஆள் எடுப்பது. கேத்தரின் லாட்டிமர் என்ற கறுப்பினப் பெண் அந்த ஆண்டிலேயே நூலகராகச் சேர்ந்தார். நியூயார்க் பொது நூலகத்தின் முதல் கறுப்பின நூலகர் அவர். பிறகு நெல்லா லார்சன் வந்தார். பின்னாளில் நல்ல நாவலாசிரியராகப் பெயர் எடுத்தவர். ரெஜினா ஆண்டர்சன் வந்தார், அறிஞர் டபிள்யூ.இ.பி. டு போய்ஸ் தொடங்கிய நாடகக் குழுவுக்கு அந்த நூலகத்தின் நிலவறையே அரங்கானதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. மாடியில் ஓவியக் கண்காட்சி, கீழே நாடகம், நடுவில் கவிதை வாசிப்பு. கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் இளைஞராக ஹார்லெமுக்கு வந்து இறங்கிய நாட்களில் தேடிப் போன இடங்களில் அந்த நூலகமும் ஒன்று. கறுப்பினக் கலை இலக்கிய எழுச்சியை ஹார்லெம் மறுமலர்ச்சி என்று இன்று இலக்கிய வரலாறுகளில் படிக்கிறோமே, அது கூடிப் பேச இடம் தந்தவற்றுள் ஒரு கிளை நூலகமும் இருந்தது.

அந்தக் கிளைக்கு 1921-இல் வந்து சேர்ந்தவர் பூரா பெல்ப்ரே. அவரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சொல் தடுமாறுகிறது. புவேர்ட்டோ ரிக்கோ தீவில் பிறந்தவர். அக்கா தங்கைகளில் ஒருவருக்குக் கல்யாணம் என்று நியூயார்க் வந்தவர், திரும்பிப் போகவில்லை. அந்தப் பகுதியில் ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்கள் பெருகிக்கொண்டிருந்தன. அவர்களோடு அவர்கள் மொழியில் பேச ஓர் ஆள் வேண்டும் என்று எர்னஸ்டீன் ரோஸ் தேடியபோது பெல்ப்ரே கிடைத்தார். நியூயார்க் பொது நூலகத்தின் முதல் புவேர்ட்டோ ரிக்க நூலகர்.

குழந்தைகள் பகுதியில் தாங்கிகளைத் தடவிப் பார்த்தார். உலகத்து நாடோடிக் கதைகள் எல்லாம் இருந்தன. தன் பாட்டி சொன்ன கதைகள் ஒன்றுகூட இல்லை. தன் ஊர்ப் பிள்ளைகள் தெருவில் நிறைந்திருக்கிறார்கள். அவர்களுடைய கதை உள்ளே இல்லை. இதைக் கண்டு பெருமூச்சு விட்டுப் போகிறவர்கள் பலர் உண்டு. அவர் உட்கார்ந்து எழுதினார். மார்ட்டினா என்ற அழகான கரப்பான் பூச்சியும், பெரெஸ் என்ற எலியும் கல்யாணம் செய்துகொள்ளும் கதை. பாட்டி சொன்னது. அங்கே ஒரு வழக்கம் இருந்தது: கதை நேரத்தில் அச்சில் வந்த கதையைத்தான் சொல்லலாம். பெல்ப்ரேயின் கதை அச்சில் வரவில்லை. ஆனாலும் அவருக்கு மட்டும் விதியைத் தளர்த்தினார்கள். இன்ன விதி என்று கையைக் கட்டிப் போடாத மேலதிகாரி ஒருவர் இருந்ததால் ஒரு தீவின் கதைகள் ஒரு மாநகரத்துக்குள் நுழைந்தன. இந்த இடத்தை நம் அதிகாரிகள் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 1932-இல் அந்தக் கதை புத்தகமாகவே வெளிவந்தது.

1929-இல் அவரை 115-ஆம் தெருக் கிளைக்கு மாற்றினார்கள். அங்கேதான் அவர் முழுதாக விரிந்தார். ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும் கதை நேரம். கையில் தானே செய்த பொம்மைகள். ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்துக் கதை சொல்லி, முடிந்ததும் பிள்ளைகள் மனத்தில் ஒன்றை நினைத்துக்கொண்டு அதை ஊதி அணைப்பார்கள். ஜனவரி 6-ஆம் நாள் மூன்று அரசர்கள் திருநாள். புவேர்ட்டோ ரிக்கோவில் பிள்ளைகளுக்குப் பரிசு கிடைக்கும் நாள் அது. அதை நூலகத்துக்குள் விழாவாகக் கொண்டுவந்தார். ஆங்கிலம் தெரியாததால் நூலகம் நமக்கானதில்லை என்று ஒதுங்கியிருந்த தாய்மார்கள் அந்த விழாவுக்குப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

வந்தவர்களை அவர் வெறுங்கையோடு அனுப்பவில்லை என்பதைக் கவனியுங்கள். ஸ்பானிய நூல்களை வாங்க வைத்தார். கதை கேட்ட பிள்ளை அந்தக் கதையை எடுத்துப் போக வேண்டும். பிள்ளையோடு வந்த தாய் தன் மொழியில் ஒன்றை எடுத்துப் போக வேண்டும். திருநாள், கதை, புத்தகம், உறுப்பினர் அட்டை எல்லாம் அவரிடம் ஒரே மூச்சில் நடந்தன. அவர் 1982-இல் காலமானார். 1996 முதல் இலத்தீன் அமெரிக்க வாழ்வைச் சொல்லும் சிறார் நூல்களுக்கு அமெரிக்காவில் அவர் பெயரால் விருது தருகிறார்கள். நூலகர் ஒருவர் பெயரில் இலக்கிய விருது. நம் நாட்டில் அப்படி ஒன்று வரும் நாளைப் பார்க்க வேண்டும் என்பது என் தனி ஆசை.

அடுத்து அகஸ்டா பேக்கர். அதே 135-ஆம் தெருவில் 1937-இல் குழந்தைகள் நூலகராகச் சேர்ந்தார். பரிந்துரைப் பட்டியல் என்ற ஒன்றை இவரளவுக்குக் கூர்மையாகக் கையாண்டவரை நான் அறியேன். கறுப்பினக் குழந்தைகளைப் பற்றி அன்று இருந்த புத்தகங்களை எடுத்துப் பார்த்தால், படங்களில் உதடும் கண்ணும் கேலியாகப் பெருக்கப்பட்டிருக்கும். பேச்சு, சிரிப்பதற்காகவே திரிக்கப்பட்டிருக்கும். தன்னிடம் வரும் பிள்ளைக்கு இதை எப்படிக் கொடுப்பது? பேக்கர் ஒவ்வொன்றாகப் படித்தார். கேலிப் படம் உள்ளதை ஒதுக்கினார். மனிதரை மனிதராகக் காட்டும் நூல்களை மட்டும் 1939 முதல் தனித் தொகுப்பாகச் சேர்த்தார். அதைப் பட்டியலாக அச்சிட்டு வெளியிட்டார்கள். பல பதிப்புகள் வந்தன. பட்டியல் முதலில் மெலிந்துதான் இருந்தது. நல்ல நூல் கிடைத்தால்தானே சேர்க்க முடியும்? ஆனால் அந்த மெலிவே பதிப்பாளர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் ஒரு கேள்வியாக நின்றது. அவர் அவர்களிடம் நேரிலும் போய்க் கேட்டார். பின் வந்த பதிப்புகளில் பட்டியல் தடித்தது. 1961-இல் நியூயார்க் பொது நூலகத்தின் எல்லாக் கிளைகளிலும் குழந்தைகள் சேவைக்கு அவர் பொறுப்பேற்றார்.

பட்டியல் போடுவது எழுத்தர் வேலை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஒரு தலைமுறையின் புத்தக அலமாரியையே மாற்றிய வேலை அது.

ஹார்லெமில் இன்னொன்றும் நடந்தது. ஆர்ட்டூரோ ஷாம்பெர்க் என்று ஒருவர். அவரும் புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். சிறு வயதில் கறுப்பினத்தாருக்கு வரலாறு கிடையாது என்று ஓர் ஆசிரியர் சொன்னதாகவும், அதைப் பொய்யாக்கவே அவர் வாழ்நாள் முழுவதும் தேடியதாகவும் சொல்வார்கள். நியூயார்க்கில் ஒரு வங்கியின் அஞ்சல் பிரிவில் வேலை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து நூல்கள், கையெழுத்துப் படிகள், படங்கள், துண்டறிக்கைகள் என்று ஆயிரக்கணக்கில் சேர்த்தார். 1926-இல் கார்னகி அறக்கட்டளை 10,000 டாலர் கொடுத்து அதை வாங்கி 135-ஆம் தெருக் கிளைக்குத் தந்தது. 1932-இல் அந்தத் தொகுப்பைப் பேணும் பொறுப்புக்கு அவரையே அமர்த்தினார்கள். 1938-இல் மறையும்வரை அவர் சேர்த்தவற்றை அவர் கையாலேயே வாசகர்களுக்கு எடுத்துக் கொடுத்தார்.

இதைக் கேட்கும்போது உங்களில் சிலருக்குக் கோட்டையூர் ரோஜா முத்தையா நினைவுக்கு வந்திருப்பார். விளம்பரப் பலகை எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவர். தமிழில் அச்சான எதையும் தூக்கிப் போட மனம் வராதவர். நூல், இதழ், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை வரை சேர்த்துவைத்தார். அவர் 1992-இல் மறைந்தபின் அந்தச் சேகரத்தைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. வாங்கியும் கடல் கடத்திக் கொண்டுபோகாமல், சென்னையிலேயே 1994-இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாக வழிசெய்தது. ஷாம்பெர்க்குக்குக் கிடைத்த ஒன்று மட்டும் முத்தையாவுக்குக் கிடைக்கவில்லை. தான் சேர்த்ததை, சம்பளம் பெறும் நூலகராக மேசையில் அமர்ந்து, தேடி வருகிறவனிடம் எடுத்துக் கொடுக்கும் பேறு. உங்கள் ஊரிலும் ஒரு முத்தையா இருப்பார். பழைய பாட்டுப் புத்தகங்களைப் பெட்டியில் வைத்திருப்பவர், கூத்து வாத்தியாரின் கையேட்டைப் பாதுகாப்பவர். அவர் இருக்கும்போதே ஒருநாள் நூலகத்துக்கு அழைத்து உட்காரவைத்துப் பேசவிடுங்கள். அதைவிடப் பெரிய பண்பாட்டு விழா எனக்குத் தெரியவில்லை.

நியூயார்க் கதையையே சொல்கிறாரே, நமக்கு மரபு இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், கணக்கு வாத்தியாராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931-இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகள் இன்று உலகெங்கும் நூலகக் கல்வியில் பாடம். அதன் மூன்றாம் விதி, ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரை அடைய வேண்டும் என்பது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்ற இரண்டாம் விதியை மட்டும் சொல்லியிருந்தால், வந்து கேட்கிறவனுக்குக் கொடுத்தால் போதும். மூன்றாம் விதி நூலகரைச் சும்மா இருக்கவிடுவதில்லை. தாங்கியில் தூசி படிந்து கிடக்கும் அந்தப் புத்தகத்துக்கு எங்கோ ஒரு வாசகர் இருக்கிறார், போய்க் கண்டுபிடி என்கிறது. 'வடு' அந்த மூலையில் கிடந்த காலை மூன்றாம் விதி மீறப்பட்ட காலை.

அதே 1931-இல் மன்னார்குடி வட்டாரத்தில் கனகசபைப் பிள்ளை என்பவரின் முயற்சியில் மாட்டு வண்டியில் நூலகம் கிராமம் கிராமமாகப் போனது. ரங்கநாதன் அந்த முயற்சிக்குத் துணை நின்றார். வண்டியில் எத்தனை புத்தகம் கொள்ளும்? ஓர் ஊருக்குப் போகுமுன் அந்த ஊருக்கு எது வேண்டும் என்று யாரோ ஒருவர் யோசித்துத்தானே அடுக்கியிருக்க வேண்டும்! நம் நாட்டு நூலகப் பரிந்துரையின் பழைய வடிவங்களில் ஒன்றாக அந்த வண்டியை நான் பார்க்கிறேன். 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்திருக்கிறது. அதாவது இந்தக் கட்டடத்தில் உங்கள் ஒவ்வொருவருக்கும் பாத்தியதை உண்டு.

அண்மைக் காலத்தில் நடந்திருப்பவற்றை மனமாரப் பாராட்ட வேண்டும். அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் 'பொன்மாலைப் பொழுது' என்று எழுத்தாளர்களையும் கலைஞர்களையும் அழைத்துப் பேசவைக்கிறார்கள். 2022 நவம்பரில் திருநெல்வேலியில் பொருநை இலக்கியத் திருவிழா நடந்தது. அதைத் தொடர்ந்து வைகை, காவிரி, சிறுவாணி என்று ஆறுகளின் பெயரால் விழாக்கள் நடந்தன. ஆற்றங்கரை நாகரிகத்தைச் சொல்ல ஆற்றின் பெயரையே வைத்தது நல்ல மனம் செய்த வேலை. மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலையில் திறக்கப்பட்டது; அங்கே குழந்தைகள் பகுதியில் சிறுவர்கள் தரையில் புரண்டு படிப்பதைப் பார்த்துவிட்டு வந்தவன் நான்.

ஆனால் விழா நகரத்தில் நடக்கிறது. மறுநாள் காலை கேள்வி கேட்கும் பையன் கிளை நூலகத்திலும் ஊர்ப்புற நூலகத்திலும் இருக்கிறான். அங்கே பல இடங்களில் ஒரே ஒருவர்தான். கதவைத் திறப்பவர், பெருக்குபவர், நாளிதழைப் பிரித்து வைப்பவர், புத்தகம் வழங்குபவர், கணக்கு எழுதுபவர், புரவலர் சேர்க்க வீடு வீடாகப் போகிறவர் எல்லாம் அவரே. மேசை முழுக்கப் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். அவர்களுக்கு அது வாழ்க்கைப் பிரச்சினை, அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். இந்த நெருக்கடியில் புத்தகத்தைப் படித்து இன்னாருக்கு இது என்று எடுத்துவைக்க அவருக்கு ஏது நேரம்? நூலகர் வேலை நேரத்தில் புத்தகம் படித்துக்கொண்டிருந்தால் ஆய்வுக்கு வரும் அதிகாரி என்ன நினைப்பார்? இந்தக் கேள்விக்கு நாம் வெட்கப்பட வேண்டும். மருந்தைப் பற்றித் தெரியாத மருந்தாளுநரை ஏற்போமா? படிப்பது நூலகரின் வேலை. வாரத்தில் சில மணி நேரத்தை அதற்கென்றே அவருக்கு ஒதுக்கி, அதை வேலைக் கணக்கில் எழுத வேண்டும்.

இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் வளர்ந்தது கரிசல் காட்டில், கோவில்பட்டியிலிருந்து பேருந்து மாறிப் போகிற ஒரு சின்ன ஊர். பஞ்சாயத்துக் கட்டடத்தில் பகுதி நேர நூலகம். அதைப் பார்த்துக்கொண்டவரை நாங்கள் நூலக அண்ணாச்சி என்போம். மேசை இழுப்பறையில் நாலைந்து புத்தகம் எப்போதும் வைத்திருப்பார். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு; சீட்டில் ஒரு பெயர். 'தபால்கார ஐயாவுக்கு', 'மேலத்தெரு டீச்சருக்கு' என்று. ஒருநாள் என் பெயர் எழுதிய சீட்டோடு ஒரு புத்தகத்தை நீட்டினார். கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்'. “ஒங்க தாத்தா பேசுத மாரியே எழுதியிருக்காரு ஒருத்தரு. நீ மட்டும் படிக்காத. அவருக்கு வாசிச்சுக் காட்டு” என்றார்.

வாசித்துக் காட்டினேன். தாத்தாவுக்கு எழுத்து தெரியாது. திண்ணையில் சாய்ந்து கேட்டுக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தினார். “அது அப்படி இல்ல, எங்க பெரியாத்தா வேற மாரிச் சொல்லும்” என்று எழுந்து உட்கார்ந்து, எங்கள் குடும்பம் எங்கிருந்து எப்படி அந்தக் காட்டுக்கு வந்து சேர்ந்தது என்று சொல்லத் தொடங்கினார். நான் பிறந்து பதினாலு வருஷம் அந்தக் கதையை அவர் வாயிலிருந்து கேட்டதில்லை. மூன்று இரவு சொன்னார். தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். மேடை இல்லை, மாலை இல்லை. எங்கள் ஊரில் நடந்த பண்பாட்டு விழா அதுதான். அதைத் தொடங்கிவைத்தது இழுப்பறையில் இருந்த ஒரு துண்டுச் சீட்டு.

அண்ணாச்சி என் தாத்தாவை அறிந்திருந்தார். புத்தகத்தையும் படித்திருந்தார். இரண்டையும் அறிந்த ஒருவர்தான் அந்தச் சீட்டை எழுத முடியும். இப்போது கைபேசியே, நீ இதைப் பார்த்தாய், ஆகவே அதையும் பார் என்று சொல்கிறது. அது என்னைப் போன்ற ஆயிரம் பேர் எதை எடுத்தார்கள் என்று எண்ணிச் சொல்லும். திண்ணையில் ஒரு கிழவர் கதையை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார் என்பது அதற்குத் தெரியாது.

நூலகப் பணியாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். பரிந்துரை எழுதும்போது 'சிறந்த நூல், அனைவரும் படிக்க வேண்டியது' என்று எழுதாதீர்கள். அதைப் படித்து யாரும் கை நீட்ட மாட்டார்கள். உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' தடியாக இருக்கிறதே என்று பையன்கள் ஒதுங்குகிறார்களா? 'நல்ல ஆசிரியரைத் தேடி அலைந்த ஒரு பையனின் கதை. மீனாட்சிசுந்தரம் பிள்ளையைச் சந்திக்கும் இடம் வந்துவிட்டால் கீழே வைக்க மாட்டீர்கள். வார இதழில் தொடராக வந்தது, அதனால் அத்தியாயங்கள் சின்னவை, பயப்பட வேண்டாம்' என்று எழுதி, அடியில் உங்கள் பெயரைப் போடுங்கள். பெயர் முக்கியம். படித்து முடித்தவன் உங்களைத் தேடி வந்து சண்டை போடவாவது ஓர் ஆள் வேண்டும். அப்படி வந்தான் என்றால் அவன் உங்கள் வாசகன்.

விழா என்றால் அதற்கு முந்தின வாரமே தாங்கி தயாராக வேண்டும். ஒயிலாட்டமும் கும்மியும் வைக்கிறீர்களா, நா. வானமாமலை தொகுத்த 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' வாசலிலேயே இருக்கட்டும். பொங்கல் விழாவா, தொ. பரமசிவனின் 'அறியப்படாத தமிழகம்' இருக்கட்டும். நாம் நாள்தோறும் தின்னும் உப்பையும் எண்ணெயையும் பற்றி இவ்வளவு இருக்கிறதா என்று வீட்டுப் பெண்கள் அதை எடுத்துப் போவதை நான் பார்த்திருக்கிறேன். நிகழ்ச்சி முடிந்து நன்றியுரை சொல்கிறவர் பத்து நிமிடம் பெயர்ப் பட்டியல் படிக்கிறார். அதில் மூன்று நிமிடத்தை நூலகருக்குக் கொடுங்கள். மேடையேறி, கையில் இரண்டு புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, ஏன் என்று சொல்லட்டும். விழாவுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று அறிக்கை எழுதுகிறோம். அடுத்த வாரத்தில் அந்தத் தாங்கியிலிருந்து எத்தனை புத்தகம் வெளியே போனது என்பதையும் அதே அறிக்கையில் எழுதுங்கள்.

பட்டியலில் யார் விடுபடுகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். அகஸ்டா பேக்கர் செய்தது அதுதான். நம் ஊரில் குறவர் உண்டு, இருளர் உண்டு, நரிக்குறவர் உண்டு, வடக்கிலிருந்து வந்து கட்டட வேலை செய்யும் குடும்பங்கள் உண்டு. அவர்கள் வீட்டுப் பிள்ளை உள்ளே வந்தால், தன்னை இழிவில்லாமல் காட்டும் ஒரு புத்தகம் கைக்கு எட்டுமா? ஒடியாவிலும் இந்தியிலும் நாலு கதைப் புத்தகம் வாங்கிவைக்க நம் நூலகங்களில் எத்தனை இடத்தில் யோசித்திருக்கிறோம்? பூரா பெல்ப்ரேயிடம் கேட்டால், கதவு திறந்திருந்தால் போதாது, உள்ளே தன் கதை இருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்கு யாராவது போய்ச் சொல்ல வேண்டும் என்பார் என்று நினைக்கிறேன்.

பெரியவர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்களுக்குத் தெரிந்த கதையை, பாட்டை, சடங்கின் காரணத்தை, கண்மாய் வெட்டிய வரலாற்றை நூலகத்துக்கு வந்து சொல்லுங்கள். வாசகர் வட்டத்துப் பிள்ளைகள் கைபேசியில் பதிந்து எழுதி வைக்கட்டும். அச்சில் வராதது கதையில்லை என்று எந்த நூலகமும் சொல்லக் கூடாது.

அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். ஒரு செய்தியோடு இறங்குகிறேன். இந்த மண்டபத்தின் வலப்பக்கக் கதவருகே ஒரு தாங்கி வைத்திருக்கிறார்கள். இந்த நூலகத்துப் பணியாளர்கள் ஆளுக்கு மூன்று என்று தேர்ந்தெடுத்த புத்தகங்கள் அதில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு, சீட்டில் அவர்கள் பெயர். 'வடு'வும் அதில் இருக்கிறது. நானே கேட்டு வைக்கச் சொன்னேன். வழங்கல் மேசை இன்றிரவு எட்டு மணிவரை திறந்திருக்கும். உறுப்பினர் அட்டை இல்லாதவர்கள் அங்கேயே விண்ணப்பம் எழுதிக் கொடுக்கலாம்.